கடல் நடுவே காற்றாடி

கண்ணாடி வழியாக வரும் மதிய வெயில், பட்டுக்கடையில் விரித்துப் போட்ட கல்யாணச் சேலையின் சரிகையில் மினுங்குகிறது. முனிசாமிக்கோ மகளைப் பற்றிய பேச்சுதான். “கடல்ல எண்ணெ எடுத்து ஓஞ்ச மேடைங்க இருக்குதில்ல, அதுல காத்தாடி வெச்சு கரண்ட் எடுக்க திட்டம் போட்டதே எங்க சத்யாதான்பா.” கடைக்காரர் நிமிர்ந்து, பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்க்கிறார். “கட்டுப்படி ஆவுமாம்மா?” சத்யப்ரியா சரிகையைத் தடவுகிறாள். ஆகாது. மேடையைப் பிரித்தெடுக்கும் செலவைத் தள்ளிப்போடவே அவள் வேலை பார்க்கும் எண்ணெய்க் கம்பெனி காற்றாடி என்கிறது. தெரிந்தேதான் அவள் லாபம் வரும் என்று எழுதிக் கொடுத்தாள். அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். “ஆவும்ணா,” என்கிறாள். “நல்ல காரியம்மா,” என்று கடைக்காரர் சேலையை அவள் தோளில் போட்டு, நிலைக்கண்ணாடியை அவள் பக்கம் திருப்புகிறார். அவளால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.