வாசல் தீர்த்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சானிடைசர் குப்பியை அழுத்தினாள் பிரகாசி. நனைந்த விரல்கள் கையைத் தேய்க்காமல் நெற்றிக்குப் போயின. பிறகு நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டன. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தொட்டுத் தொட்டு வந்த பழக்கம்.

கதவருகே நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். "அக்கா, அது கையில தேய்க்கதுக்கு. தீர்த்தம் இல்ல."

"தெரியும் சிஸ்டர். கை தானா போயிருது. தவக்காலம் தொடங்குனதுலேருந்து ஒரு பூசை பாக்கல."

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவர் சந்தியாகு குழாய்களுக்கு நடுவே கிடந்தார். தினமும் பார்க்கக் கொடுத்த நேரம் கொஞ்சம்தான். அதில் அவள் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. வறண்ட உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றினாள். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கையைத் தன் கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். திரும்பும்போதெல்லாம், கோயிலுக்குப் போக முடியவில்லையே என்ற குறையும் அவளோடு படியிறங்கியது.

சந்தியாகுவை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். உள்ளே பாட்டு தொடங்கியிருந்தது. தொட்டியிலிருந்து தீர்த்தத்தை அள்ளி, உள்ளங்கையிலும் புறங்கையிலும் விரலிடுக்குகளிலும் நன்றாகத் தேய்த்தாள். பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள். ஈரம் காய்ந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தவள், பீடத்தைப் பார்க்காமல் ஜன்னலோரமாய்க் கட்டிலைத் தேடினாள்.