ஒரே எண்ணில் இரண்டு பேர்

"மேடம், ஸ்கிரீன்ல ஒரு ரூமையே காணோம்."

போனில் பேசியது பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வார்டு நர்ஸ் ஷோபனா. இந்த முனையில் இருந்தவள் ஜுலைகா. அந்த ஆஸ்பத்திரியின் மானிட்டர்களுக்கு மென்பொருள் எழுதும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"இப்பத்தான் கரண்ட் போயிட்டு வந்துச்சு. மூணாம் ரூமும் பதினொண்ணாம் ரூமும் ஒண்ணா ஆயிடுச்சு. ஒரே கட்டத்துல நம்பர் மாறி மாறி குதிச்சுகினே கீது. இன்னான்னே தெர்ல."

ஜுலைகா ஆஸ்பத்திரியின் சர்வரைத் திறந்தாள்.

நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் ஒவ்வொரு மானிட்டரும் விழித்தெழும்போது தனக்கென ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ளும். எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான எண். உலகத்தில் வேறெந்தக் கருவிக்கும் அது வராது. வராது என்று நம்பித்தான் எல்லாமே கட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் கொடுக்கும் லைப்ரரியை, அதாவது மென்பொருளின் அந்தப் பகுதியை, எழுதியவள் அவள்தான்.

இரண்டு மானிட்டர்களும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன.

முதலில் நம்பவில்லை. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகுதான் புரிந்தது. மின்சாரம் திரும்பியபோது இரண்டும் ஒரே நொடியில் விழித்திருக்கின்றன. எண்ணை ஒன்றுக்கொன்று வேறாக்கும் தற்செயல் தகவல் எதுவும் கருவியின் கையில் இன்னும் சேராத நேரம் அது. ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே எண்ணில் போய் நின்றுவிட்டன.

சர்வரைப் பொறுத்தவரை அங்கே இப்போது இரண்டு நோயாளிகள் இல்லை. ஒருவர்தான்.

திரையில் வரிகள் ஓடின.

நாடி 60, ஆக்சிஜன் 97.

நாடி 124, ஆக்சிஜன் 84.

நாடி 60, ஆக்சிஜன் 97.

நாடி 127, ஆக்சிஜன் 82.

ஒருவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது.

அலாரம் கத்தப் போகும். அதற்குள் மற்றவரின் வரி வந்து, எல்லாம் சரி என்று அதை அடக்கிவிடும். நோயாளிகள் தூங்கட்டும் என்று அறைகளுக்குள் சத்தத்தை முன்பே நிறுத்தி வைத்திருந்தார்கள். உடனிருப்பவர்களும் மதியத்தில் வெளியேதான் இருக்க வேண்டும்.

மேலாளர் பக்தவத்சலம் பின்னால் வந்து நின்றிருந்தார். திரையைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது.

"முழுசா பாத்துட்டுப் பேசலாம்மா. ஆஸ்பத்திரிக்கு இப்பவே எதையும் சொல்லிடாதே."

ஜுலைகா திரும்பவில்லை.

"சிஸ்டர், ஸ்கிரீனை நம்பாதீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஆக்சிஜன் இறங்குது. உங்க கூட யார் இருக்கா?"

"யாரும் இல்ல மேடம். ஒரு பேஷண்ட்ட ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிகினு போயிருக்காங்க. மூணு இந்தக் கோடில கீது, பதினொண்ணு அந்தக் கோடில. எங்க மொதல்ல ஓட்றது?"

79.

யார் எந்த அறை என்று சொல்ல வேண்டிய எண்தான் இருவருக்கும் ஒன்றாகிவிட்டதே.

ஜுலைகா அந்த அறுபதையே பார்த்தாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"மேடம்?"

"மூணு" என்றாள். "மூணாம் ரூமுக்கு ஓடுங்க."

போனை மேசையில் போட்டுவிட்டு ஷோபனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஆளில்லாத வார்டின் சத்தம் மட்டும். ஒரு மின்விசிறி. எங்கோ மூடாமல் விட்ட தண்ணீர்க் குழாய்.

"நிச்சயமா தெரியுமா?" என்றார் பக்தவத்சலம்.

அவள் அடுத்த வரிக்காகத் திரையை உற்றுப் பார்த்தாள்.

76. 74. 74.

அறுபது அப்படியே நின்றது.

73.

அவள் ஸ்பீக்கரை இன்னும் சத்தமாக வைத்தாள். தண்ணீர்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

80.

88.

பக்தவத்சலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 92 வந்தபோது தன் போனை எடுத்து, இதே மானிட்டர்கள் இருக்கும் மற்ற ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

போனுக்குத் திரும்பிய ஷோபனாவுக்கு மூச்சு இரைத்தது.

"ஆக்சிஜன் குழா கழண்டு கட்டிலுக்குக் கீழ கெடந்துச்சு மேடம். ஜஸ்டின்னு பேரு, சின்ன வயசு. ஒதடெல்லாம் நீலமா ஆயிடுச்சு. டாக்டர் வந்துட்டாரு, இப்ப பரவால்ல. எப்டி மேடம் கரெக்டா சொன்னீங்க?"

"பதினொண்ணையும் போய்ப் பாருங்க, சிஸ்டர். இப்பவே. அந்த மானிட்டரை ஒருதரம் அணைச்சுப் போடுங்க."

மறுபடி செருப்புச் சத்தம் தேய்ந்தது. சற்றுப் பொறுத்து, திரையில் ஒரு கட்டம் இரண்டாகப் பிரிந்தது.

திரும்பி வந்த ஷோபனாவின் குரலில் வேறெதுவோ இருந்தது.

"பெரியவரு நல்லா கீறாரு மேடம். அம்பத்தூர் கம்பெனிலேர்ந்து ஜுலைகா மேடம் உங்கள பாக்கச் சொன்னாங்கன்னேன். எம் பொண்ணுன்றாரு. நெசமாவா?"

"ஆமா" என்றாள் ஜுலைகா.

போன வாரம்தான் அத்தாவின் நெஞ்சில், இதயத் துடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நம் கம்பெனி மானிட்டர் இருக்கும் இடம் என்று சொல்லி, அவள்தான் அங்கே சேர்த்தாள். இனி உட்கார்ந்தாலும் படுத்தாலும் நாடி அறுபதுக்குக் கீழே போகாது என்றார் டாக்டர். நேற்று சாயங்காலம் பதினொன்றாம் அறையில் கட்டிலருகே உட்கார்ந்து அந்த அறுபதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் அறையில் இருப்பவருக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்களா என்று கேட்க நேரம் இருக்கவில்லை.