கடல் தாண்டும் துவக்கு

"மடியிலை என்னடா பெட்டி?"

"துவக்கு, அண்ணை."

டூட்டிங் சிக்னலில் பச்சை விழுந்தும் யோகராஜா காரை எடுக்கவில்லை. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"பயப்பிடாதேங்கோ. பெட்டி பூட்டியிருக்கு, தோட்டா வேறை பையிலை. பிரான்சுக்குக் கொண்டுபோகப் பொலிஸே பாஸ் தந்திருக்கு," என்றான் கஸ்பர்.

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு. லைசென்ஸ் இருந்தால் லண்டனில் கைத்துவக்கு வைத்திருக்கலாம். கஸ்பர் ஒன்றரை வருடமாக, ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிட்டு, துவக்குக் கிளப்புக்குப் போய்வந்தான். சுடும்போது இரண்டு கண்ணையும் மூடுகிறான் என்று கிளப்பில் முறைப்பாடு. இருந்தும், பாரிஸ் போட்டிக்கு அவனையும் சேர்த்திருந்தார்கள். கிளப் வான் ஸ்ட்ரெதமில் நின்றது. அதுவரைக்கும் கொண்டுபோய்விடத்தான் யோகராஜா வந்திருந்தார்.

பாரிஸில் கஸ்பரின் தங்கை றோஸ்மலர் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினான். டூட்டிங் முழுக்கத் தெரிந்த கதை.

யோகராஜா காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவினார்.

"உண்மையைச் சொல். போட்டிக்கோ போறாய்?"

"இல்லை."

"அப்ப, இவ்வளவு நாளும் சுடப் பழகினது?"

"பாரிஸுக்குப் போகத்தான்."

"அந்த நாயைச் சுட்டுப்போட்டு இருவது வருசம் மறியலிலை கிடக்கப்போறியோ? உன்ரை பிள்ளையளை ஆர் பாக்கிறது? நானோ?"

கஸ்பர் மணிக்கூட்டைப் பார்த்தான். வான் வெளிக்கிடப் பத்து நிமிஷம் இருந்தது.

"காலிலை விழுறன் அண்ணை, காரை எடுங்கோ. அவள் நாளையைத் தாண்டமாட்டாள் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"பெட்டியை என்னட்டைத் தா. வெறுங்கையோடை போய்த் தங்கச்சியைப் பார்த்திட்டு வா."

"துவக்கில்லாமல் போக ஏலாது."

"ஏன்டா ஏலாது?" யோகராஜா பெட்டியைப் பிடித்து இழுத்தார். கஸ்பர் விடவில்லை.

"தங்கச்சி சாகக்கிடக்கிறாள், பாக்கவேணும் எண்டு மூண்டுதரம் விசா கேட்டன், அண்ணை. அகதி, போனால் அங்கையே நிண்டிடுவாய் எண்டு மூண்டுதரமும் மறுத்துப்போட்டாங்கள். துவக்குச் சுடப்போறன் எண்டு கேட்டன், அண்டைக்கே குத்தித் தந்திட்டாங்கள்."