வெற்றிகளுக்கு முதல் காரணம்

"எல்லாரும் நின்ன இடத்துலயே நின்னு கேட்டுக்குங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணியோட நம்ம குடும்பச் சரித்திரம் ரெண்டாப் பிரியுது. ஆறு மணிக்கு முன், ஆறு மணிக்குப் பின்!"

அறிவித்தவர் பெரிய குளியலறைச் சாமான் கடைக்கு முதலாளி. கழிப்பறைக் கோப்பையைக்கூடச் சிம்மாசனத்தை ஒப்படைக்கிற தோரணையில்தான் விற்பார்.

"சரித்திரம் பிரியறது இருக்கட்டும். சட்டையில பொத்தான் பிரிஞ்சு தொங்குது, கழட்டிக் குடுங்க," என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். காலையில் பள்ளியின் ரக்பி பயிற்சியாளர் போன் செய்திருந்தார். சீசன் முடிந்து இன்று பரிசளிப்பு விழா. ஆடிய எட்டு மேட்சிலும் பள்ளிக்கு வெற்றி. 'வெற்றிகளுக்கு முதல் காரணம்' என்று ஒரு சிறப்புக் கோப்பை; அது இவர் மகனுக்கு.

சோபாவில் சாய்ந்திருந்த மனைவியின் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஆடிட்டர்.

"மாப்பிள்ளை, கடை பூரா கோப்பையா அடுக்கி வச்சிருக்கீங்க. உட்கார முடியாத கோப்பை உங்களுக்கு இதுதான் முதல் தடவை, இல்ல?"

"பொறாமைப்படாதீங்க மச்சான்."

"பொறாமை இல்ல, சந்தேகம். தொழில் புத்தி. ஒரு டம்ளரை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது இவனுக்கு. அந்த முட்டைப் பந்தை எப்படிப் பிடிச்சான்? நீங்க ஒரு மேட்சாவது பார்த்தீங்களா?"

"சனிக்கிழமை கடையை யாரு பார்க்கறது?"

ஆடிட்டர் பக்கத்தில் நின்ற தங்கை மகன் பக்கம் திரும்பினார். "டேய், உண்மையைச் சொல்லு. பெஞ்சுலதானே உட்கார்ந்திருந்தே?"

"இல்ல மாமா. எல்லா மேட்சும் முழுசா ஆடினேன்."

"எல்லாத்துலயும் ஜெயிச்சே?"

"ஸ்கூல் ஜெயிச்சுது மாமா."

"கேட்டீங்களா? 'நான்'னு ஒரு வார்த்தை வாயில வருதா பாருங்க!" முதலாளி தொடையைத் தட்டினார். "தன்னடக்கம். அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கான்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்குத்தான் ஒண்ணு புரியல. வாராவாரம் வேற வேற கலர் சட்டை துவைக்கப் போடறான். ஒரு வாரம் மஞ்சள், ஒரு வாரம் பச்சை, போன வாரம் கோடு போட்டது. காய்ஞ்சதும் திருப்பிக் குடுக்கணும்னு எடுத்துட்டுப் போயிடறான்."

"பெரிய டீம்னா அப்படித்தான்," என்றார் முதலாளி. தெரியாத விஷயத்தை அடித்துச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை.

மகன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டான். அவன் கவலை அவனுக்கு. சீசன் தொடங்கும்போதே அப்பா உத்தரவு போட்டிருந்தார்: பேர் சொல்கிற மாதிரி ஏதாவது செய்யவில்லையென்றால் அடுத்த வருஷம் ரக்பி கிடையாது, தினமும் சாயங்காலம் மாமா வீட்டில் கணக்கு டியூஷன். பல்லு போனாலும் பரவாயில்லை, மாமாவிடம் மாட்டக் கூடாது என்பது அவன் கொள்கை.

பள்ளி அரங்கத்தில் முதல் வரிசை நாற்காலியை முதலாளி ஒரு மணி நேரம் முன்பே பிடித்துவிட்டார். தலைமையாசிரியர் மைக்கைத் தட்டி, இருமி, தட்டி, பேசினார்.

"இந்த மாணவன் மட்டும் இல்லையென்றால் இந்த சீசனில் நாம் ஒரு மேட்ச்கூட வென்றிருக்க முடியாது!"

அணிப் பையன்கள் விசிலடித்தார்கள். விழாவுக்கு வந்திருந்த மற்றப் பள்ளிப் பையன்கள் எழுந்து நின்றே கைதட்டினார்கள்.

"பாருங்க மச்சான், எதிரிகூட எழுந்து நிக்கறான்!" முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி கைக்குட்டையை நீட்டினாள். ஆடிட்டரே இரண்டு தட்டு தட்டினார்.

மகன் கோப்பையை வாங்கினான். வாங்கிய வேகத்தில் அது கையிலிருந்து நழுவியது. தரையில் விழுவதற்குள் பக்கத்தில் நின்ற கேப்டன் ரொம்பப் பழக்கப்பட்டவன் போல அதைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குமேல் முதலாளியால் உட்கார முடியவில்லை. மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"அடுத்த வருஷம் மொத்த டீமுக்கும் சட்டை என் செலவு! நெஞ்சுல என் கடைப் பேர்! என் பையன் பந்தோட ஓடும்போது ஊரே அதைப் படிக்கணும்!"

மகன் அவர் கையைச் சுரண்டினான். "அப்பா, அப்போ அடுத்த வருஷமும் ஆடலாம்தானே? டியூஷன்..."

"சாம்பியனுக்கு எதுக்குடா டியூஷன்? நீ ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் ஆடு! இது என் வாக்கு!"

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டுக் கைதட்டியது. மகன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் முதலாளி பயிற்சியாளரைத் தோளோடு சேர்த்து அணைத்தார். "மாஸ்டர், முதல் சட்டை என் பையனுக்கு. இப்பவே, எங்க மச்சான் முன்னாடியே அளவு எடுத்துக்குங்க."

பயிற்சியாளர் பின்மண்டையைச் சொறிந்தார்.

"அவனுக்கு நம்ம சட்டை தேவைப்படாது சார். மத்த ஸ்கூல் எல்லாத்துலயும் ஆள் பஞ்சம். பதினஞ்சு பேர் சேரலைன்னா மேட்சே நடக்காது. அதனால நாங்க ஒரு ஆளைக் கடன் குடுப்போம். எட்டு மேட்சும் உங்க பையன் எதிர் டீமுக்குத்தான் ஆடினான்."