கிருத்திகைத் தவிடு

"எட்டிப் போய் நில்லு, எல்லம்மா. மத்தவங்க வாங்கிக்கினு போவட்டும்."

அதட்டியவன் வேணு. அரிசி மிஷினில் தவிடு அள்ளிப் போடுகிறவன்.

"நான்தானே நைனா மொதல்ல வந்தேன்?"

"மொதல்ல வந்தா மகாராணியா? நில்லுன்னா நில்லு."

எல்லம்மாள் கூடையோடு சுவரோரம் ஒதுங்கினாள்.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம்தான் திருத்தணிக்கு இந்த மிஷின் வந்தது. அதுவரை வீடு வீடாகப் போய் நெல் குத்தினவள் அவள். தவிடும் நொய்யும் குத்துகிறவளுக்குச் சொந்தம். இப்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை. ரேஷன் கூப்பனுக்குப் போடும் அரிசியோ பாதி மாசத்துக்குக்கூட வருவதில்லை.

கிருத்திகைதோறும் பசுக்களுக்குத் தவிடு இலவசம். மிஷின் முதலாளி கஜபதியின் வேண்டுதல் அது. மாடு இல்லாதவர்களுக்குக் கிடையாது.

மலைக்குப் புறப்பட்ட கஜபதி வாசலில் நின்றார்.

"பாத்தியாடா வேணு? நெல்லு குத்தினவகூட மாடு வாங்கிட்டா. மிஷின் வந்ததும் ஊரே மேல வந்துகினு இருக்குது! அடுத்தது ஆர்.கே.பேட்டையில ஒண்ணு போடப் போறேன்."

சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"உம் மாடு எவ்ளோ கறக்குது? நாளைக்கு அபிஷேகத்துக்கு ஒரு செம்பு பால் கொண்டா."

எல்லம்மாள் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அது எங்கீங்க கறக்கப் போவுது?" வேணு முந்திக்கொண்டான். "கெழட்டு மாடு. இவளாட்டமே எலும்பும் தோலும். பால் வத்தி எத்தினியோ நாளாச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கஜபதியும் சிரித்தபடியே வண்டி ஏறினார்.

எல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏழைன்னா இப்படியா வாய்க்கு வந்ததைப் பேசுவான்? இவனும் கூலிக்கு நிக்கிறவன்தானே?" தவிடு வாங்கிக்கொண்டு போன கோவிந்தம்மாள் வேணுவின் காதில் விழும்படியே சொன்னாள்.

அவன் அடுத்த ஆளுக்குத் தவிட்டை அள்ளிப் போட்டான்.

கடைசி ஆளும் போனபின் மிஷினை நிறுத்தினான். அதனடியில் நாள் முழுக்கச் சிந்தித் தங்கியிருந்த நொய்யைக் கூட்டி அள்ளினான். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் கூடையில் போட்டான். பிறகு ஒரு சல்லடையை எடுத்துத் தவிட்டை அதில் கொட்டினான்.

"அப்படியே தூக்கிக்கினு ஓடாத. நல்லா சலி."

"மாட்டுக்குத்தானே நைனா... எப்படி இருந்தா என்ன?"

வேணு குரலைத் தாழ்த்தினான்.

"உமி நின்னா கொழந்தைங்க தொண்டையில குத்தும், எல்லம்மா."