ஏழு தடவை நின்ற கணக்கு

"மூணு மாசமா ஒரே ஏற்பி, ஒரே மருந்து. இன்னும் முடிவு வரலைன்னா எப்படிம்மா?"

பிரிவுத் தலைவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவது அவர் வழக்கமும் இல்லை.

எதிரே நின்றவளை ஆபீசில் 'ஆமை' என்பார்கள். இதயச் செல்லின் மேல் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் ஒரு மருந்து போய் எப்படி உட்காரும், எத்தனை நேரம் நிலைக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு கணக்கு முடிய ஐந்து நாள் விடாமல் ஓட வேண்டும். அவளுடையது பாதியிலேயே நின்றுவிடும். எல்லோருக்கும் பொதுவான மெஷின் என்பதால் மறுபடி வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும்.

"ஏழு தடவை நின்னிருக்கு. அது என்ன, கை ராசியா?"

"இந்த வாரம் முடிச்சிடறேன் சார்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. என் கணக்கைப் பாருங்க. ஒரு நாளாவது தள்ளிப் போனதுண்டா?"

"இல்ல சார்."

"உங்க வேலை நீட்டிப்புக் கடிதம் இன்னிக்குப் போகணும். வேண்டாம்னுதான் எழுதப் போறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை என்றால் வேலை. எதற்கும் ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று கீழே கம்ப்யூட்டர் அறைக்கு இறங்கினார். உள்ளே மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. அறையைப் பார்த்துக்கொள்பவர் சட்டென்று எழுந்தார்.

"அந்தம்மா கணக்கு ஏழு தடவை ஏன் நின்னுதுன்னு எழுதிக் குடுங்க. கடிதத்தோட வைக்கணும்."

"அது தானா நிக்கலை சார். அவங்கதான் நிறுத்தச் சொன்னாங்க."

"அப்படிப் போடு! சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவில்லையா?"

அறைக்காரர் பின்னந்தலையைச் சொறிந்தார்.

"நீங்க 'அவசரம்'னு போட்டு அனுப்பறப்பல்லாம் மெஷின்ல இடம் பத்தாது சார். ஓடிட்டிருக்கிறதுல ஒண்ணை நிறுத்தியாகணும். 'புதுசா சேர்ந்தவங்களோடதை நிறுத்தினா பாவம், அவங்க வேலை போயிடும். என்னோடதை நிறுத்துங்க. சார்கிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படுவார்'ம்பாங்க."



அறைக்காரர் பேனாவைத் திறந்தார். "ஏழு தடவையும் இதே காரணம்தான். எழுதிக் குடுத்துடட்டுமா சார்?"