பெயருக்குச் சம்மதம்

பிறப்பதற்கு முன்பே குழந்தையிடம் பெயருக்குச் சம்மதம் வாங்க வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து, பிரசவ வார்டு செவிலியர் ஜெசிந்தாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. தாயின் வயிற்றில் துடிப்பை அளக்கும் பெல்ட்டைக் கட்டுவாள். வீட்டார் ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். எந்தப் பெயருக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு எகிறுகிறதோ, அதை இயந்திரம் பதிந்துகொள்ளும்.

அன்று ஒன்பது மாத கர்ப்பிணி மேகலா படுத்திருந்தாள். அவளுடைய மாமியார் சரசாத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பையனோ பொண்ணோ, எங்க மாமியா பேருதானுங்க. அங்கமுத்து!”

திரையில் துடிப்பு நூறிலிருந்து நூற்று முப்பதுக்குத் தாவியது.

“பாத்தீங்களா! எம்பேரப்புள்ளைக்குப் புடிச்சுப்போச்சு!”

வயிற்றுக் குழந்தைக்கு நூறு ரொம்பக் குறைவாயிற்றே என்று ஜெசிந்தாவுக்கு உறுத்தியது. பெயரை மறுபடி சொல்லச் சொல்லிவிட்டு, மேகலாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். அங்கேயும் அதே நூற்று முப்பது.

“அம்மா, இது குழந்தையோட துடிப்பில்ல, உங்க மருமகளோடது” என்று பதிவை அழித்தாள்.

பெல்ட்டை நான்கு விரற்கடை கீழே இறக்கியதும் குழந்தையின் துடிப்பு குதிரைக் குளம்படி போலக் கேட்டது. சரசாத்தாள் வயிற்றருகே குனிந்து மூன்று முறை கத்தினாள். திரையில் துடிப்பு ஏறவே இல்லை.

“குழந்தை நல்லா இருக்கு. தூங்குது, அவ்வளவுதான்” என்றாள் ஜெசிந்தா.

“இருங்க, எம்பையனக் கூட்டியாறேன். அப்பன் கொரலுக்கு முழிச்சுக்கும்” என்று சரசாத்தாள் வெளியே ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டதும் மேகலா ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள்.

“சிஸ்டர், பெல்ட்ட மொதல்ல இருந்த எடத்துக்கே ஏத்திருங்க. எனக்குப் புடிச்ச பேர நான் சொல்றனுங்க.”